துணையாகச் சென்ற எட்டு நாட்கள்



கணவரின் அலுவலகப் பயணத்தில் மனைவியும் உடன் செல்வது நம் குடும்பங்களில் இப்போது அரிய செய்தியன்று. அவருடைய பயணச்சீட்டை நிறுவனம் தருகிறது. தங்கும் அறையும் நிறுவனத்தின் செலவு. மற்றவர்களின் சீட்டுக்கு மட்டும் நாம் பணம் கட்டினால் போதும் என்று கணக்கிட்டுப் பலரும் புறப்படுகிறார்கள். ஆயினும் அவர் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும்வரை, அறியாத ஊரில் அந்த மனைவியின் பொழுது எப்படிக் கழிகிறது என்பதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. சிங்கப்பூருக்கு எட்டு நாள் பயிற்சிக்காகக் கணவர் அனுப்பப்பட்டபோது, எட்டு வயது மகளுடன் நாங்களும் சென்றுவந்தோம். அந்த நாட்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தவற்றைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

புறப்படும் முன்பே வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. மாமியார் அன்பானவர், தடுக்கவில்லை. “அவன் வேலைக்குப் போயிடுவான். நீங்க ரெண்டு பேரும் நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கப் போறீங்களா? இல்லை, ஊரு தெரியாத ஊர்ல தனியா சுத்தப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டார். இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு நிம்மதி கிடைக்காது என்பது தெரிந்தது. கணவர்தான் நடுவே வந்து, “லுஹருக்கு ஒரு பள்ளிவாசல், அஸருக்கு ஒரு பள்ளிவாசல், அதற்கு இடையில் போகிற வழியில் எது இருக்கிறதோ அதைப் பார்க்கட்டும், உம்மா” என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அதுவே எங்கள் பயணத் திட்டமாக ஆகிவிட்டது.

முதல் நாள் அறையிலேயே ஒரு பாடம் நடந்தது. கணவரின் குடும்பம் ஹனஃபி; எங்கள் தாய்வீடு ஷாஃபிஈ. ஹனஃபி மத்ஹபில், சென்ற ஊரில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணுபவர் பயணியாகவே இருக்கிறார். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தாலே பயணச் சலுகை முடிந்துவிடுகிறது. முழுமையாகத் தொழ வேண்டும். ஆகவே ஒரே அறையில், ஒரே கிப்லாவை நோக்கி, அவர் லுஹரை இரண்டு ரக்அத்தாகவும் நாங்கள் நான்கு ரக்அத்தாகவும் தனித்தனியே தொழுதோம்.

“வாப்பா ரெண்டோட முடிச்சிட்டாங்க. நமக்கு மட்டும் ஏன் நாலு?” என்று மகள் கேட்டாள்.

“அல்லாஹ்வின் மார்க்கத்தை விளங்கிக்கொண்ட பெரியவர்கள் இரண்டு வழியில் விளங்கியிருக்கிறார்கள். ரெண்டு பேரும் நேர்மையாகத் தேடித்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்” என்றார் அவர். கருத்து வேறுபாட்டை எட்டு வயதுக் குழந்தைக்கு விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஊரில் கிடைத்திருக்காது. உள்ளூர் இமாமின் பின்னால் ஜமாஅத்தில் நின்றபோது அவரும் நான்கையும் முழுமையாகவே தொழுதார் என்பதையும் அவள் கவனித்துக்கொண்டாள். பயணம் போகும் குடும்பங்கள் தம் ஆலிமிடம் இந்தச் சட்டங்களை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

மறுநாள் காலை கணவர் பயிற்சிக்குச் சென்றதும், ரயிலேறி சைனாடவுன் நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தின் அறிவிப்புகளில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றுடன் தமிழும் இருப்பதைக் கண்ட மகள், பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். சீனக் கடைகளும் சிவப்பு விளக்குகளும் நிறைந்த அந்தப் பகுதியில், சவுத் பிரிட்ஜ் சாலையின் ஓரமாக, பச்சை வண்ண முகப்பும் இரண்டு மினாராக்களுமாக நிற்கிறது மஸ்ஜித் ஜாமிஆ சூலியா. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே ‘சூலியா’ என்று அழைத்தார்கள். 1819இல் ஆங்கிலேயர் அங்கே வணிகத் தளம் அமைத்தார்கள். 1826இல் சூலியா முஸ்லிம்கள் தம் பள்ளிவாசலை நிறுவிவிட்டார்கள். இப்போது காணும் கட்டடம் 1830களின் முற்பகுதியில் எழுந்தது. அதன் பெயராலேயே பக்கத்துத் தெரு ‘மாஸ்க் ஸ்ட்ரீட்’ என்று வழங்குகிறது. அதே சாலையில் சில அடிகள் தள்ளி மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதுவும் ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கப்பட்டது.

உள்ளே சென்றதும், பெரியவர் ஒருவர் தமிழிலேயே ஸலாம் கூறி, பெண்கள் தொழும் பகுதியைக் காட்டினார். எங்கே போகிறீர்கள், யாருடன் வந்தீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. பெண்கள் வருவது அங்கே அன்றாட நிகழ்ச்சி என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. ஒளூச் செய்யத் தனி இடம், தொழுகை அங்கிகள் மாட்டிய கொக்கி, மடித்து வைத்த முஸல்லாக்கள். ‘தெலக்குங்’ என்று மலாய்ப் பெண்கள் அழைக்கும் வெண்ணிற அங்கியை மகளுக்கு அணிவித்தபோது, அது அவள் காலைத் தாண்டித் தரையில் புரண்டது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸஃப்பில் வந்து நின்றாள். எட்டு வயதில் அவள் பள்ளிவாசலில் தொழுத முதல் தொழுகை அது.

தொழுது முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “நம்ம ஊர்ப் பள்ளியில நமக்கு இடம் இல்லையா உம்மா?”

அந்தக் கேள்விக்கு அப்போது பதில் சொல்லவில்லை. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது தெலுக் ஆயர் தெரு. இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தெரு, ஒரு காலத்தில் கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகே கரை விலகிப்போனது. கப்பலிலிருந்து இறங்கிய மக்கள், உயிரோடு கரை சேர்த்த இறைவனுக்கு நன்றி சொல்ல முதலில் தேடிய இடங்கள் அந்தத் தெருவில் வரிசையாக நிற்கின்றன. சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில் அங்கே இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையே சூலியாக்கள் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடம் அதன் அருகில் உள்ளது. அது இப்போது இந்திய முஸ்லிம்களின் மரபைச் சொல்லும் மையமாக விளங்குகிறது. 1827இல் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலும் அதே தெருவில்தான். தொடக்கத்தில் அது வெறும் கூரைக் குடிசையாக இருந்ததால் தமிழர்கள் ‘குச்சுப்பள்ளி’ என்றார்கள். அந்தப் பெயர் இன்றும் மறையவில்லை.

தர்காக்களைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்திற்குள் இங்கே செல்லவில்லை. எங்களைத் தொட்டது வேறொன்று. பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் அலைந்து, உப்புக் காற்றில் உதடு வெடித்து இறங்கிய நம் முன்னோர்கள், தமக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளும் முன்னரே ஸுஜூது செய்ய ஒரு குடிசை போட்டிருக்கிறார்கள். நான்கு மணி நேரத்தில் பறந்துபோய், குளிரூட்டப்பட்ட அறையில் இறங்கிய நாங்கள் அந்தத் தெருவில் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

அடுத்த நாட்களில் ஒரு வழக்கம் அமைந்துவிட்டது. காலையில் ஒரு பகுதி, லுஹருக்கு ஒரு பள்ளி, பிறகு உணவு, அஸர் முடித்துத் திரும்புதல். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை; லுஹர் ஏறக்குறைய ஒரு மணி, மஃக்ரிப் ஏறக்குறைய ஏழு மணி. ஆனால் தெருவில் பாங்கு கேட்காது. ஒலிபெருக்கிகள் பள்ளிவாசலின் உட்புறம் நோக்கியே திருப்பப்பட்டிருக்கின்றன. வானொலியில்தான் பாங்கு ஒலிபரப்பாகிறது. காதில் பாங்கு விழுந்தே பழகிய எங்களுக்கு முதலிரண்டு நாட்கள் பொழுது திசை தெரியாமல் போயிற்று. பிறகு மகளே கடிகாரத்தைப் பார்த்து, “வக்து வந்திருச்சு” என்று நினைவூட்டத் தொடங்கினாள். பாங்கொலி நிறைந்த ஊரில் வாழ்வது எத்தகைய நிஃமத் என்பது அது இல்லாத இடத்தில்தான் விளங்குகிறது.

உணவைப் பற்றியும் சகோதரிகள் கேட்பார்கள். அந்நாட்டின் இஸ்லாமிய சமய மன்றமான ‘முயிஸ்’ வழங்கும் ஹலால் சான்றிதழ் கடைகளில் தெளிவாக மாட்டப்பட்டிருக்கும். பொது உணவங்காடிகளில், உண்ட தட்டுகளைத் திரும்ப வைக்கும் இடத்திலும் ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. முர்தபாக்கும் தே தாரிக்கும் விற்கும் கடைகளில் பெரும்பாலும் தமிழே போதும்.

கம்போங் கிளாம் பகுதியில் ஒரு முழு நாள் செலவிட்டோம். அங்குள்ள சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். இப்போதைய கட்டடம் 1932இல் நிறைவுற்றது. அந்தக் குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு கரும் பட்டை தெரியும். நெருங்கிப் பார்த்தால் அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள்! செல்வர்கள் பணம் தந்தபோது, தர இயலாத ஏழைகளும் பங்குகொள்ள வேண்டும் என்பதற்காக அவர்களிடமிருந்து புட்டிகள் பெறப்பட்டு அங்கே பதிக்கப்பட்டன. மகள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்து, “அதுல எது யாரு கொடுத்ததுன்னு எப்படித் தெரியும்?” என்றாள். “கொடுத்தவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்” என்றோம்.

அங்கிருந்து சிறிது தொலைவில், பீச் சாலையில், ஹாஜ்ஜா ஃபாத்திமா பள்ளிவாசல் இருக்கிறது. மலாக்காவில் பிறந்து, சிங்கப்பூரில் கப்பல் வணிகம் நடத்திச் செல்வம் ஈட்டிய ஒரு பெண்மணியின் பெயர் அது. அவருடைய வீட்டில் கொள்ளையர் புகுந்து தீயும் வைத்தபோது, தாம் உயிர் தப்பியதற்கு நன்றியாக அந்த நிலத்தைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார் என்பது வரலாறு. 1845, 1846ஆம் ஆண்டுகளில் அது கட்டப்பட்டது. மினாரா ஒருபுறம் சற்றே சாய்ந்து நிற்கிறது. அவரும் மகளும் மருமகனும் அவ்வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். ஒரு பெண் கட்டிய பள்ளியில், அந்தப் பெண்ணுக்காக துஆச் செய்துவிட்டு, லுஹரைத் தொழுதோம்.

அந்தப் பயணத்தின் உண்மையான பாடம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஜும்ஆவுக்காகக் கணவர் பயிற்சியிலிருந்து விடுபட்டு ஜாமிஆ சூலியாவுக்கு வந்தார். குத்பா தமிழில் நடந்தது. பெண்கள் பகுதியில் எங்கள் அருகில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி அமர்ந்திருந்தார். தொழுகை முடிந்ததும் மகளின் கன்னத்தைத் தடவி, “எந்த ஊருப் பிள்ளை?” என்றார். மேலப்பாளையம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவருடைய பெற்றோர் கடையநல்லூர்க்காரர்கள்.

கடையநல்லூரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். மேலப்பாளையத்தைப் போலவே நெசவு வாழ்ந்த ஊர். அக்காலத்தில் கடல் கடந்த தமிழர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டே சென்றார்கள். கடையநல்லூர் முஸ்லிம்களில் பலர் குடும்பத்தோடு சென்று, தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். “ஆம்பிளைங்க சம்பளம் பத்தாது. எங்க உம்மா ஸுபுஹு தொழுதுட்டு அம்மியில உட்காருவாங்க. மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாம் அரைச்சு, உருட்டி, சந்தைக்குக் கொண்டுபோவாங்க. கை எரியுதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை” என்றார் பாட்டி. சீனரும் மலாய்க்காரரும் அந்த மசாலாவை வாங்கிச் சமைத்தார்கள். அப்படிச் சேர்த்த காசில் பிள்ளைகள் படித்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பு உருவானது. 1946இல் அது உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, அந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக 1982 வரை நடந்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் இன்றும் அங்கே ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு வழங்குகிறது.

அந்தப் பெண்களும் கணவரின் வேலைக்காக ‘உடன் சென்றவர்கள்’தாம். அவர்களுடைய கணவன்மார்களின் பெயராவது சில ஆவணங்களில் இருக்கும். இவர்களைப் பற்றிய செய்தி பெரும்பாலும் பேத்திகளின் நினைவில்தான் இருக்கிறது. “கூடப் போனவள்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு சமூகம் ஊன்றி நிற்க, கூடப் போனவர்களின் கைகள் எவ்வளவு எரிந்திருக்கின்றன என்பதை அன்று அறிந்தோம்.

மாலை வேளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி கணவருக்குக் கடினமாக இருந்தது. அதன் முடிவைப் பொறுத்தே அவருடைய பணி நீடிக்கும் என்ற நிலை. முதலிரண்டு மாலைகளில் அவர் வந்ததும் சுவரைப் பார்த்து அமர்ந்துவிட்டார். எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் பதில். மூன்றாம் நாள் மகள் தானாகவே அவர் அருகில் அமர்ந்து, அன்று பார்த்தவற்றைச் சொல்லத் தொடங்கினாள். புட்டிகள் பதித்த குவிமாடம், சாய்ந்த மினாரா, காலில் தடுக்கிய வெள்ளை அங்கி. முதலில் அவர் தலையை மட்டும் அசைத்தார், பிறகு கேள்வி கேட்டார், பிறகு சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அந்தப் பேச்சுக்காகவே அவர் விரைந்து வந்தார். அந்நகரத்தில் அவர் கண்டது ஓர் அலுவலகத்தையும் ஒரு ரயில் பாதையையும் மட்டுமே. மற்றதையெல்லாம் எங்கள் வழியாகவே கண்டார். ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களுக்குப் பின், பணி உறுதியானது என்ற செய்தி வந்தது, அல்ஹம்துலில்லாஹ். வராமல் போயிருந்தாலும் அந்த மாலைகள் வீணாகியிருக்காது.

மகளின் கேள்விக்கு வருவோம். பெண்கள் வீட்டில் தொழுவதே சிறப்பு என்று நம் உலமாக்கள் சொல்வதை அறிவோம். அதே வேளையில், பள்ளிவாசலுக்கு வர விரும்பும் பெண்களைத் தடுக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் அறிவோம். இவற்றில் எதற்கு முதலிடம் என்ற விவாதத்தை எழுப்புவது எங்கள் நோக்கமன்று. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வீடு இருக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் பெண் எங்கே தொழுவாள்? மருத்துவமனைக்கு வந்த தாய், கல்லூரியிலிருந்து திரும்பும் மாணவி, பேருந்து மாறக் காத்திருக்கும் மூதாட்டி ஆகியோருக்கு லுஹரும் அஸரும் கைநழுவிப் போகின்றன. கணவர் பள்ளிக்குள் சென்று நிம்மதியாகத் தொழுது வருவார். மனைவி வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்றிருப்பாள். இந்தக் காட்சியை நாம் எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்!

சிங்கப்பூர் முஸ்லிம்கள் 1975இல் பள்ளிவாசல் கட்டுமான நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். வேலை செய்யும் ஒவ்வொரு முஸ்லிமின் மாதச் சம்பளத்திலிருந்தும் சிறு தொகை, தொடக்கத்தில் ஐம்பது காசு, அதற்குச் சென்றது. அந்த நிதியில் எழுந்த முதல் பள்ளியான முஹாஜிரீன் 1977இல் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து பல குடியிருப்புப் பகுதிகளில் பள்ளிகள் எழுந்தன. ஐம்பது காசும் ஒரு புட்டியும் சேர்ந்தால் பள்ளிவாசல் ஆகும் என்றால், நம் பேருந்து நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அருகிலுள்ள பள்ளிகளில் ஒரு தடுப்பும், ஒரு குழாயும், நான்கு முஸல்லாக்களும் வைப்பது நமக்கு இயலாத செயலா? சில ஊர்களில் இதைச் செய்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. மற்ற ஊர்களின் ஜமாஅத் பெரியவர்களிடம் எங்கள் மகளின் கேள்வியை அப்படியே வைக்கிறோம்.

கணவருடன் பயணம் செல்லவிருக்கும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். தங்கும் விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். கைபேசி அணைந்தாலும் அது உதவும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கணவரிடம் சொல்லிச் செல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். குழந்தைக்கு மாற்று உடையும் சிறிய முஸல்லாவும் உடன் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாளின் திட்டத்தைத் தொழுகை நேரத்தைக் கொண்டு வகுத்துக்கொள்ளுங்கள். அப்போது புதிய ஊரிலும் வழி தெரியாமல் அலைய மாட்டீர்கள்.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றவர்களின் நிலையைப் பாருங்கள் என்று குர்ஆன் நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. அந்த அழைப்பு அலுவலக அனுமதிச்சீட்டு வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. உடன் செல்பவருக்கும் உரியதே. நம் பயணங்களை அல்லாஹ் பயனுள்ளவையாக ஆக்குவானாக. அம்மியில் கை எரிந்த அந்தத் தாய்மார்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.